ஏற்காட்டில் கேட்க வேண்டும், அம்பத்தூரில் வேண்டாம்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தன் பட்டா நிலத்தில் நிற்கும் மரம் ஒன்றை வெட்ட நினைத்தால் முதலில் ஒரு மனு எழுத வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதைப் பார்த்து, எழுத்து மூலம் அனுமதி கொடுத்த பிறகுதான் மரத்தில் கோடரி வைக்கலாம். அதே மனிதர் காபி விற்ற காசில் அம்பத்தூரில் ஒரு பழைய வீட்டை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் இரண்டு வேம்பு, ஒரு மா, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு புங்கம். காலையில் ஜேசிபியை வரச் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் மனை சுத்தமாகிவிடும். சந்தனம் போன்ற சில மரங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. வேம்புக்கும் புங்கனுக்கும் கிடையாது. மாநிலம் ஒன்று, மனிதர் ஒருவர், பட்டா தரும் உரிமையும் ஒன்றுதான். நிலம் மலையில் இருக்கிறதா, சமவெளியில் இருக்கிறதா என்பதை வைத்தே சட்டம் மாறுகிறது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. சென்னையின் மேற்குப் புறநகரைப் பொறுத்தவரை அந்த நியாயம் காலாவதியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

மலைச் சட்டம் பிறந்த கதையிலிருந்து தொடங்குவது நல்லது. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தால் அதில் நிற்கும் மரத்தை யார் விட்டுவைப்பார்கள்? ஜமீன்தார்களும் தனியார் காட்டு உரிமையாளர்களும் போகிற போக்கில் காட்டை மொட்டையடித்துவிடக் கூடாது என்ற கவலையில், 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது காடு என்று சொல்லத்தக்க பரப்புகளுக்கானது. மலைகளிலோ காடும் தோட்டமும் வீட்டு நிலமும் கலந்து கிடந்தன. சரிவில் காட்டை அழித்து உருளைக்கிழங்கு போட்டால் இரண்டு மழையில் மேல்மண் ஓடையில் போய்விடும். அந்த மண் கீழே அணைகளில் படியும். மேலே வெட்டுகிறவர் ஒருவர், கீழே அனுபவிக்கிறவர் இன்னொருவர். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுதான் 1955இல் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மரம் வெட்டுவதோடு மலைச் சரிவில் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவருவதையும் அது ஒழுங்குபடுத்தியது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளில் ஏழு தலைமுறையாக நிலம் வைத்திருப்பவருக்கும் நேற்று பங்களா கட்டியவருக்கும் ஒரே விதி. 1990இல் மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம், 1993இல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் என்று பிறகு வந்தவற்றுக்கெல்லாம் இந்த 1955ஆம் ஆண்டுச் சட்டமே முன்னோடி.

இந்தச் சட்டம் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது மரம் வெட்டுவதைத் தடை செய்யவில்லை. நீலகிரியில் ஆண்டுதோறும் அனுமதி பெற்றே நிறைய மரங்கள் வெட்டப்படுகின்றன. அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: வெட்டுவதற்கு முன்பு கேட்கச் சொல்கிறது. கேட்கும்போது மனு எழுத வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், ஒரு அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும், முடிவு காகிதத்தில் இருக்க வேண்டும். மரத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் குழுவின் மறுப்பு அல்ல, இந்தத் தாமதமும் காகிதமும்தான். ஒரு மரத்தை எடுக்காமலே சுவரை இரண்டடி தள்ளிக் கட்டலாம் என்பது மனு எழுத உட்காரும்போதுதான் பலருக்குத் தோன்றும். குறையும் உண்டு. ஆபத்தான மரம் என்ற வாசல் வழியாக ஆபத்தில்லாத மரங்களும் வெளியேறுகின்றன. மரத்தை முதலில் பட்டுப்போக வைத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்தும் தந்திரம் எல்லா மலையிலும் தெரிந்ததே. ஊட்டிக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், வாட்டில் போன்ற அயல் மரங்களை அகற்றுவது சூழலுக்கு நல்லது என்றாலும் அவற்றுக்கும் காகிதம் வேண்டியிருக்கிறது. இத்தனை ஓட்டை இருந்தும் எழுபது ஆண்டுகளாக அந்தச் சட்டம் வேண்டாம் என்று எந்த அரசும் சொல்லவில்லை.

அதே 1955ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்துக்காகவே அந்த மாநாடு பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தது. மலையில் மரத்தைப் பற்றி ஒரு சட்டம் யோசித்துக்கொண்டிருந்த ஆண்டில், ஆவடியில் தொழில்மய இந்தியாவைப் பற்றி ஒரு கட்சி யோசித்தது. அடுத்த பத்தாண்டுகளில் அந்த யோசனை மேற்குப் புறநகரில்தான் கண்ணுக்குத் தெரியும்படி நடந்தேறியது. 1949இலேயே டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்துவிட்டது. அறுபதுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரிப்பாசன வயல்களும் தோப்புகளும் கிராமங்களுமாக இருந்த நிலப்பரப்பு, பட்டறையும் குடியிருப்பும் ஆனது. அந்தக் காலத்தில் இங்கே மரத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை. நிலம் தட்டையாக இருந்தது, மண் சரியவில்லை, மரமும் எங்கு பார்த்தாலும் இருந்தது. வேலை வேண்டும், வீடு வேண்டும் என்பதே அன்றைய தேவை. அந்தத் தேவையைக் குறை சொல்ல இன்று நமக்கு உரிமை இல்லை. இன்றைய புறநகர்வாசிகளில் பாதிப் பேர் அதனால்தான் இங்கே இருக்கிறார்கள்.

இன்று சமவெளியில் மரத்துக்கு இருக்கும் பாதுகாப்பு என்ன? 2021இல் தமிழக அரசு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழுக்களை அமைத்தது. அரசு நிலத்திலும் பொது இடத்திலும் நிற்கும் மரத்தை வெட்ட வேண்டுமானால் இந்தக் குழுவிடம் போக வேண்டும். ஒரு மரம் போனால் பத்துக் கன்று நட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அதற்கு முன்பு நெடுஞ்சாலைத் துறை ஒரு பக்கம், வருவாய்த் துறை ஒரு பக்கம், ஏரிக்கரை மரத்துக்கு நீர்வளத் துறை ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுத்தன. ஆனால் பசுமைக் குழுவின் பார்வை தனியார் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றுவிடுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் ஒரே குழுவும் இல்லை. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியிலும் 2018இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. கடைசி இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். 2022இல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்துக்குள் மூன்று ஊர்களும் அடங்கும். திருடனைப் பிடிக்க இது ஒரே ஊர் என்று அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. மரத்தின் விஷயத்தில்தான் இரண்டு ஆட்சியர், மூன்று உள்ளாட்சி.

பழைய கிராம நிர்வாகத்தில் இருந்து நகரமாகும்போது தொலைத்துவிட்ட ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கிராமக் கணக்குகளில் 2சி என்று ஒரு கணக்கு உண்டு. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை, தென்னை போன்ற மரங்களின் பலனை அனுபவிக்க ஒருவருக்கு உரிமை கொடுத்தால் அது அதில் பதிவாகும். ஊர்ப்புறத்தில் அதை 2சி பட்டா என்பார்கள். நிலம் சர்க்காருடையது, மரத்தின் பலன் வளர்த்தவருக்கு. மரமும் ஒரு கணக்கில் ஏற வேண்டிய சொத்து, அதற்கும் ஒரு பாத்தியதைக்காரர் உண்டு என்ற எண்ணம் அந்த நிர்வாகத்தில் இருந்தது. கிராமம் நகராகி, நகர நில அளவைப் பதிவேடு வந்தபோது வார்டு, பிளாக், பரப்பளவு, உரிமையாளர் என்று நிலத்தின் விவரங்கள் மிஞ்சின. மரம் பதிவேட்டிலிருந்து இறங்கிவிட்டது. இல்லாத கணக்கை யாரும் தணிக்கை செய்ய முடியாது.

மரம் அதிகமாகப் போகும் இடம் எது என்பதுதான் முக்கியம். சாலை விரிவாக்கத்தில் ஒரு புளியமரம் சாயும்போது நாலு பேர் கூடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், செய்தி வருகிறது. ஒரு கிரவுண்டு மனையில் நின்ற தனி வீடு இடிபட்டு, கூட்டுக் கட்டுமானத்தில் எட்டு வீடுகளாகும்போது, கூடவே போகும் மூன்று மரங்களை யாரும் பார்ப்பதில்லை. கொரட்டூரில் நடப்பது இது, திருமுல்லைவாயலில் நடப்பது இது, திருவேற்காட்டிலும் இதுதான். பெரிய லேஅவுட்டில் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது வெற்றிடத்துக்கான விதி. அங்கே ஏற்கெனவே நின்ற மாந்தோப்பைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. தோப்பை வெட்டித் தரைமட்டமாக்கி, பிறகு பூங்கா என்று பலகை வைத்து நாலு அரளிச் செடி நட்டாலும் விதி நிறைவேறிவிடும். இதற்கு எதிர்ச்சாட்சி வேண்டுமானால் ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்களைச் சுற்றியிருக்கும் சுவர்களை எட்டிப் பார்த்தால் போதும். ஒரே மண், ஒரே மழை, ஒரே வெயில். உள்ளே சாலைகளுக்கு நிழல் இருக்கிறது, வெளியே இல்லை. நிலம் மனைகளாகத் துண்டுபடவில்லை என்பதும், ஒரு மரத்தை எடுக்க யாரிடமாவது கேட்டாக வேண்டும் என்பதுமே வித்தியாசம்.

மலையின் நியாயம் சமவெளிக்குப் பொருந்துமா என்பது முதல் ஆட்சேபம், சற்றுக் கனமான ஆட்சேபமும்கூட. சரிவில் மரம் போனால் மண் சரியும், ஊர் புதையும். அம்பத்தூரில் வேம்பு போனால் எதுவும் சரியாது. உண்மை. மரங்கள் இருந்திருந்தால் 2015இலும் 2023இலும் வெள்ளம் வந்திருக்காது என்று சொன்னால் அது புரட்டு. அந்த அளவு மழைக்கு ஏரிகளின் வழிந்தோடும் பாதைகள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் மலைச் சட்டத்தின் அடிப்படை மண் சரிவு மட்டும் அல்ல. ஒருவர் நிலத்தில் நடப்பதன் விளைவை இன்னொருவர் அனுபவிக்கிறார் என்பதே அதன் அடிப்படை. மலையில் அந்த விளைவு சரிவு வழியாகக் கீழே போகிறது. புறநகரில் வெயில் வழியாகப் பக்கவாட்டில் போகிறது. இலைகள் நிலத்தடி நீரை ஆவியாக வெளிவிட்டுக் காற்றைக் குளிர்விக்கின்றன. கிளைகள் சுவரிலும் தாரிலும் வெயில் ஏறாமல் தடுக்கின்றன. கான்கிரீட்டோ பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகிறது. என் வீட்டு வேம்பை நான் வெட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் மேற்குச் சுவர் சுடும், தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பவரின் தலை காயும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு நீர் போவதுபோல, மனைக்கு மனை சூடும் போகிறது. மண் சரிவு ஒரு நாளில் தெரிகிறது, இது இருபது ஆண்டில் தெரிகிறது என்பதால் இதைச் சேதம் என்று நாம் எண்ணுவதில்லை.

சொந்த நிலம், சொந்த மரம், அரசுக்கு என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. இதற்கு மலைக்குப் போய்ப் பதில் தேட வேண்டியதில்லை. 2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. என் கூரையில் விழும் மழையை நான் எங்கே விட வேண்டும் என்று அரசு சொன்னது. ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது, ஏமாற்றுக் குழாய்களும் இருந்தன. ஆனால் நிலத்தடி நீர் எல்லாருக்கும் பொது என்பதால் அந்த விதியின் நியாயத்தைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். பக்கவாட்டில் இத்தனை அடி விட வேண்டும், இத்தனை உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் சொந்த நிலத்தின் மீது விதிக்கப்பட்ட நிபந்தனைகள்தான். மற்ற மாநிலங்களிலும் இது புதிதல்ல. கர்நாடகம் 1976இலும் மகாராஷ்டிரம் தன் நகரங்களுக்கு 1975இலும் மரப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தன. டெல்லியில் 1994இல் வந்தது. இவை தனியார் நிலத்து மரங்களையும் தொடுகின்றன. மும்பையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி எழாமல் போய்விடவில்லை.

லஞ்சமும் அலைச்சலும் என்ற ஆட்சேபம்தான் எனக்கு உண்மையிலேயே பயமூட்டுவது. ஒரு அனுமதியை உருவாக்கினால் ஒரு மேசையை உருவாக்குகிறோம். மேசை இருந்தால் அதன் கீழே கை நீளும். தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு நடந்தவர்களிடம் இன்னொரு அனுமதி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்தப் பயத்துக்குத் தீர்வு சட்டமே வேண்டாம் என்பதல்ல, சட்டத்தைச் சிறியதாக எழுதுவது. டெல்லிச் சட்டத்தில் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் அது மரம். அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் வீட்டு வாசல் செம்பருத்திக்குப் பக்கத்தில் நிற்கும் முருங்கைக்குக்கூட மனு போட வேண்டிவரும். ஒரு மாதத்தில் சட்டம் கேலிக்கூத்தாகிவிடும். ஆள் மார்பு உயரத்தில் மூன்றடிச் சுற்றளவு இருந்தால் மட்டும் கேள் என்றால் போதும். முருங்கையும் வாழையும் தென்னையும் சவுக்கும் கணக்கில் வர வேண்டாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று எழுதிவிட்டால், கோப்பை நிறுத்திவைப்பதில் யாருக்கும் லாபம் இராது. மனுவும் முடிவும் இணையத்திலும் அந்த மரத்திலும் ஒட்டப்பட வேண்டும் (கயிற்றால் கட்டித்தான், ஆணி அடித்து அல்ல). கர்நாடகத்தில் ஐம்பது மரங்களுக்கு மேல் வெட்டுவதானால் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெங்களூரில் பல திட்டங்கள் மறுபரிசீலனைக்குப் போனது அந்த ஒரு விதியின் பலத்தில்தான். இங்கே அதற்கு மேடையும் தயாராக இருக்கிறது. 2022 நவம்பரில் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. தெருவிளக்கும் குப்பையும் பேசும் இடத்தில் இந்தத் தெருவில் எந்த மரத்துக்கு மனு வந்திருக்கிறது என்பதையும் வாசிக்கலாம்.

கட்டுப்பாடு வைத்தால் யாரும் மரமே நடமாட்டார்கள் என்று விவசாயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. சந்தன மரம் யார் நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்காருடையது என்று இருந்த காலத்தில், கன்று தெரிந்ததும் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. 2002இல் சட்டம் திருத்தப்பட்டு, வளர்த்தவருக்கே உரிமை என்று ஆன பிறகுதான் தனியார் சந்தனம் நடத் துணிந்தார்கள். மலைத் தோட்டக்காரர்களும் சில்வர் ஓக் விஷயத்தில் இதே குறையைச் சொல்கிறார்கள். விற்பதற்காக வளர்க்கும் மரத்துக்கு இந்த வாதம் முழுக்கப் பொருந்தும். அத்தகைய மரங்களை விதியிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். ஆனால் ஆவடியில் ஒரு வீட்டுக்காரர் வேம்பை நடுவது அதை முப்பது ஆண்டு கழித்து விற்பதற்காக அல்ல. அவரை நடவிடாமல் தடுப்பது சட்டப் பயமும் அல்ல, இடமின்மையும் இலைக் குப்பையும் வேர் சுவரைப் பிளக்கும் என்ற அச்சமும்தான். அதற்கு மருந்து சொத்து வரியில் சிறு சலுகை. பெரிய மரம் வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் சில நூறு ரூபாய் குறைந்தால்கூட, மரம் பாரம் என்ற நினைப்பு மாறும்.

மரம் விழுந்து ஆள் சாகிறாரே என்பவர்களுக்கு 2016 டிசம்பர் 12 நினைவிருக்கும். வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்தவற்றில் குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்றவை நிறைய. பூவுக்கும் வேகமான வளர்ச்சிக்கும் ஆசைப்பட்டு நட்டவை. இன்னொரு காரணத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேர் அறுபடுகிறது. பிறகு அடிமரத்தை நெருக்கிச் சிமென்ட் போடுகிறோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. நம் நடைபாதைகளில் எத்தனை மரம் அந்த அளவுகோலில் தேறும் என்று பார்த்தால் தெரியும். டெல்லிச் சட்டத்தில் இன்னொரு நல்ல அம்சம், வெட்டுதல் என்ற சொல்லுக்குள்ளேயே பட்டையை வளையமாகச் சீவுவதையும் மருந்து ஊற்றுவதையும் எரிப்பதையும் சேர்த்திருக்கிறார்கள். துளை போட்டுப் பெருங்காயம் வைப்பது, அடியில் ஆசிட் ஊற்றுவது என்று நம்மூரில் வழங்கும் உத்திகள் அத்தனையும் அதில் அடங்கும். உண்மையிலேயே ஆபத்தான மரத்தை இருபத்துநான்கு மணி நேரத்தில் எடுக்க வழி வேண்டும். எடுப்பதற்கு முன் படமும் பிறகு அறிக்கையும் வேண்டும்.

பத்துக் கன்று நட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை எல்லா ஆட்சேபங்களையும்விடச் சாமர்த்தியமானது, ஏனென்றால் அது எதிர்ப்பாகவே தெரியாது. மரம் போன இடம் அம்பத்தூர் தெரு, கன்று போகும் இடம் எங்கோ ஒரு ஏரிக்கரை. நிழலை அப்படி இடமாற்றம் செய்ய முடியாது. மேற்கு வங்கத்தில் ஜெஸ்ஸூர் சாலையில் ஐந்து ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று 2021இல் கணக்கிட்டது. அதில் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு. மருத்துவமனை சிலிண்டர் போலக் காற்றுக்கு விலை போடும் இந்த முறை எனக்கு ஏற்புடையதல்ல. கடைசியில் 2023இல் அந்த மரங்களை வெட்ட நீதிமன்றம் அனுமதியும் கொடுத்துவிட்டது. ஆனாலும் அந்தக் குழு ஒரு விஷயத்தை உடைத்துச் சொன்னது: மரத்தின் மதிப்பு அதன் வயதோடு ஏறுகிறது. நாற்பது வயது வேம்பும் நான்கு மாதக் கன்றும் ஒன்று, பத்து என்ற விகிதத்தில் ஈடாகாது. 2025 மார்ச்சில், மதுரா அருகே அனுமதியின்றி 454 மரங்களை வெட்டியதற்கு மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் அபராதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றபோது இந்தப் பார்வையே வலுப்பட்டது.

சென்னையில் பசுமை கூடித்தானே இருக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு வருபவர்களும் உண்டு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி சென்னையின் வனப்பரப்பு 2011இல் 18.02 சதுர கிலோமீட்டராக இருந்து 2021இல் 22.70 ஆனது. எண் சரி. ஆனால் அந்தக் கணக்கில் வனம் என்பது குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பும் பத்து சதவீத விதானமும் கொண்ட நிலம். ஒரு கிரவுண்டு மனையில் நிற்கும் மாமரம் அந்தச் செயற்கைக்கோள் படத்தில் வனமாக ஏறவும் செய்யாது, வெட்டுப்பட்டால் குறையவும் செய்யாது. ஆவடியும் பூந்தமல்லியும் சென்னை எல்லைக்கு வெளியே என்பதால் அவற்றுக்கு அந்த எண் பேசவே இல்லை. மகாராஷ்டிரச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகர மரங்களை எண்ணச் சொல்வது இதற்காகத்தான். 2சி கணக்கைக் கையால் எழுதிய நிர்வாகத்துக்குக் கைபேசி வைத்துக்கொண்டு வார்டு வார்டாக எண்ணுவது இயலாத காரியமல்ல.

எப்போது தொடங்குவது என்பதில் ஒரு அவசரம் இருக்கிறது. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான மெட்ரோ வழித்தடத்தில் பூந்தமல்லிப் பக்கம் தூண்கள் எழுந்து தண்டவாளமும் போட்டாகிவிட்டது. அடுத்து, கோயம்பேட்டிலிருந்து பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை சுமார் 22 கிலோமீட்டருக்குத் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. மெட்ரோ வர வேண்டும். பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவரிடம் மரத்துக்காக ரயிலை நிறுத்தச் சொல்வது அநியாயம். சாலையோர மரங்கள் எப்படியும் சென்னை, திருவள்ளூர் என இரண்டு பசுமைக் குழுக்கள் முன் வரும். வராமல் போகப்போவது நிலையங்களைச் சுற்றியிருக்கும் தெருக்களின் மரங்கள். ரயில் வரும் என்ற பேச்சு எழுந்ததுமே மனை விலை ஏறும், தனி வீடுகள் கைமாறும், பழைய கொல்லைகளில் அடுக்குமாடிகள் எழும். முதல் தூண் வருவதற்கு முன்பே அந்த மரங்கள் போய்விடும். கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் மனையில் நிற்கும் மூன்றடிச் சுற்றளவு மரங்களைக் குறித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை, விதித் திருத்தம் போதும். மூன்று ஊர்களுக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஒன்றே என்பதால் அதை ஓரிடத்திலிருந்து செய்ய முடியும். சட்டமன்றம் முழுச் சட்டத்தை எழுதும் வரை அந்த வரைபடங்களே மரக் கணக்காகவும் இருக்கும்.